ஒரே ஸ்விட்ச், மூன்று நெட்வொர்க்: வீலேன் பற்றி வாசகர் கேள்விகள்

கணினிக் கேள்வி-பதில் பகுதிக்கு மதுரை, விருதுநகர், திண்டுக்கல் வட்டாரங்களிலிருந்து வந்த கடிதங்களில் வீலேன் (VLAN, ஒரே ஸ்விட்சைப் பல தனி நெட்வொர்க்காகப் பிரிக்கும் முறை) தொடர்பானவற்றை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: விளக்குத்தூண் பக்கம் மூன்று மாடி ஜவுளிக்கடை. பில்லிங் கம்ப்யூட்டர் ஆறு, கேமரா பதினாறு, வாடிக்கையாளர்களுக்கு இலவச வைஃபை, எல்லாம் ஒரே நெட்வொர்க்கில் ஓடுகின்றன. கூட்டம் சேர்ந்தால் பில் போடும்போது கம்ப்யூட்டர் திணறுகிறது. கேமரா மாட்டியவர் ‘வீலேன் பிரித்துவிட்டால் வேகமாகிவிடும் சார்’ என்கிறார். அது என்ன? செலவு செய்யலாமா? (ஜவுளிக்கடைக்காரர், மதுரை)

பதில்: செலவு செய்யலாம். ஆனால் அவர் சொல்லும் காரணத்துக்காக அல்ல.

கருவிகளின் கேபிள்களை இணைக்கும் பெட்டிதான் ஸ்விட்ச். சாதாரண ஸ்விட்ச், தன்னிடம் செருகியிருக்கும் எல்லாக் கருவிகளையும் ஒரே கூட்டமாகத்தான் பார்க்கும். ‘192.168.1.20 என்ற ஐபி முகவரி யாரிடம் இருக்கிறது?’ என்று ஒரு கம்ப்யூட்டர் கேட்டால் அந்தக் கேள்வி எல்லா போர்ட்டுக்கும் (கேபிள் செருகும் துளை) போகும். மூன்றாம் மாடிக் கேமராவுக்கும் போகும், வாசலில் நிற்பவரின் ஃபோனுக்கும் போகும். வீலேன் வசதியுள்ள ஸ்விட்சில் போர்ட்களுக்கு எண் கொடுத்துப் பிரித்துவிடலாம். 10 என்று எண் போட்ட போர்ட்டில் கிளம்பியது 10 என்று எண் போட்ட மற்ற போர்ட்களுக்கு மட்டுமே போகும். பெட்டி ஒன்றுதான், நடத்தையில் அது மூன்று தனி ஸ்விட்ச்.

மாடிக்கு மாடி மூன்று கேபிள் இழுக்க வேண்டுமா என்றால் வேண்டாம். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் பல கடைக்காரர்களின் மூட்டைகளை ஒரே வேனில் ஏற்றும்போது எது யாருக்கு என்று சீட்டுக் கட்டி விடுவார்கள் அல்லவா, அதே முறைதான் இங்கும். இரண்டு ஸ்விட்ச்களை இணைக்கும் கேபிளில் போகும் ஒவ்வொரு ஃப்ரேமிலும் (தரவுப் பொட்டலம்) வீலேன் எண் எழுதிய 4 பைட் டேக் ஒன்று சேரும். மறுமுனை ஸ்விட்ச் அதைப் படித்து, சரியான போர்ட்டுக்குப் போகும்போது டேகைக் கழற்றிக் கொடுக்கும். டேகோடு பல வீலேன்களைச் சுமக்கும் போர்ட்டை ட்ரங்க் என்றும், டேக் இல்லாமல் ஒரே வீலேனைக் கொடுக்கும் போர்ட்டை ஆக்சஸ் என்றும் சொல்வார்கள். கம்ப்யூட்டர், கேமரா, பிரின்டர் எல்லாம் ஆக்சஸ் போர்ட்டில்தான் இருக்க வேண்டும். அவற்றுக்கு வீலேன் ஒன்று இருப்பதே தெரியாது.

இனி வேகத்துக்கு வருவோம். நான்கு மெகாபிக்சல் கேமரா ஹெச்.265 என்ற வீடியோ சுருக்க முறையில் சுமார் 4 எம்பிபிஎஸ் அனுப்புகிறது என்று வைத்துக்கொண்டால் பதினாறுக்கு 64 எம்பிபிஎஸ். உங்கள் மாடிகளுக்கு இடையே 100 எம்பிபிஎஸ் ஸ்விட்ச் இருந்தால் கேபிளில் பாதிக்கு மேல் கேமராவே நிரப்பிவிடும். வீலேன் பிரித்தாலும் அதே 64 அதே கேபிளில்தான் போகும், குழாய் பெரிதாகாது. செய்ய வேண்டியது இரண்டில் ஒன்று: மாடி இணைப்புகளை கிகாபிட் ஆக்குங்கள், அல்லது கேமராப் பதிவுகளைச் சேமிக்கும் என்விஆர் பெட்டியைக் கேமராக்கள் வந்து சேரும் பிஓஇ ஸ்விட்சின் (மின்சாரத்தையும் அதே கேபிளில் தரும் ஸ்விட்ச்) பக்கத்திலேயே வைத்து, கேமரா டிராஃபிக் பில்லிங் ஸ்விட்சைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் சரியாக இருந்தும் பில் திணறினால் நெட்வொர்க்கை விட்டுவிட்டு டேலி சர்வரின் ஹார்டு டிஸ்க்கைப் பாருங்கள்.

பிறகு வீலேன் எதற்கு? அந்த இலவச வைஃபைக்காக. இப்போதைய நிலையில் கடைக்குள் நுழைந்த யாரும் ஃபோனிலிருந்து உங்கள் என்விஆரின் லாகின் பக்கத்தைத் திறக்கலாம், பில்லிங் சர்வரில் பகிர்ந்து வைத்த ஃபோல்டரைத் தட்டிப் பார்க்கலாம். அதை நிறுத்தத்தான் பிரிக்க வேண்டும். வைஃபை முழுவதும் ஒரே ரவுட்டரிலிருந்து வருகிறது என்றால் அந்த ரவுட்டரில் ‘கெஸ்ட் நெட்வொர்க்’ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதைப் போட்டாலே வாடிக்கையாளர்களைப் பிரித்துவிடலாம், ஒரு ரூபாய் செலவில்லை. மாடிக்கு ஒரு ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை பரப்பும் பெட்டி) என்று வரும்போதுதான் வீலேன் ஸ்விட்ச் அவசியம்.

கேள்வி: 8 போர்ட் ஈஸி ஸ்மார்ட் (மலிவான, ஓரளவு அமைக்கக்கூடிய) ஸ்விட்ச் ஒன்றில் 802.1க்யூ (வீலேன் டேக் தரம்) பக்கத்தைத் திறந்து 10, 20, 30 என்று மூன்று வீலேன் உருவாக்கி, போர்ட்களையும் சேர்த்துவிட்டேன். 10-இல் உள்ள கம்ப்யூட்டருக்கு 169.254 என்று ஐபி வருகிறது. 20-இல் உள்ள என்விஆர் பழைய 192.168.1 ஐபியையே வாங்குகிறது. எங்கே தப்பு? முழு முறையையும் சொன்னால் நல்லது. (கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்பவர், திருமங்கலம்)

பதில்: பிவிஐடியை (போர்ட்டின் இயல்பு வீலேன் எண்) மாற்றவில்லை. இந்த வகை ஸ்விட்ச்களில் பத்தில் ஒன்பது தகராறு இதுதான்.

ஒரு போர்ட் எந்த வீலேனில் உறுப்பினர் என்பது, ஸ்விட்சிலிருந்து வெளியே வரும் ஃப்ரேம்களைத் தீர்மானிக்கிறது. டேக் இல்லாமல் உள்ளே நுழையும் ஃப்ரேமை எந்த வீலேனில் சேர்ப்பது என்பதை பிவிஐடி தீர்மானிக்கிறது. இரண்டும் தனித்தனிப் பக்கங்களில் இருக்கும். நீங்கள் முதல் பக்கத்தை மட்டும் மாற்றினீர்கள். பிவிஐடி எல்லா போர்ட்டிலும் 1 ஆகவே நிற்கிறது. என்விஆர் போர்ட் இன்னும் வீலேன் 1-இலும் உறுப்பினராக இருப்பதால் ஐபி கேட்கும் அதன் கேள்வி வீலேன் 1-க்குள் போய், பதிலும் அங்கிருந்தே வந்துவிட்டது. கம்ப்யூட்டர் போர்ட்டை வீலேன் 1-இலிருந்து நீக்கியிருப்பீர்கள். அதன் கேள்விக்கு வீலேன் 1-இலிருந்து பதில் வந்தாலும் அந்த போர்ட் வழியே வெளியே வர முடியாது. டிஹெச்சிபி (தானாக ஐபி கொடுக்கும் முறை) பதில் கிடைக்காத விண்டோஸ், 169.254 என்று தானே ஒன்றை வைத்துக்கொண்டது.

கம்ப்யூட்டரைத் தொடும் முன் ஒரு தாளில் இதை எழுதிக்கொள்ளுங்கள்:

போர்ட் 1, ரவுட்டருக்கு: 10, 20, 30 மூன்றும் டேக்டு, வீலேன் 1 அன்டேக்டு, பிவிஐடி 1.
போர்ட் 2, 3, 4, பில்லிங்: 10 அன்டேக்டு, பிவிஐடி 10.
போர்ட் 5, 6, என்விஆரும் கேமரா பிஓஇ ஸ்விட்சும்: 20 அன்டேக்டு, பிவிஐடி 20.
போர்ட் 7, ஆக்சஸ் பாயின்ட்: 10 அன்டேக்டு, 30 டேக்டு, பிவிஐடி 10.
போர்ட் 8, உங்கள் லேப்டாப்புக்கு: வீலேன் 1 அன்டேக்டு; பிவிஐடி 1.

ஆக்சஸ் பாயின்ட் தன் சொந்த ஐபியை டேக் இல்லாத 10-இல் வாங்கிக்கொள்ளும். அதில் வாடிக்கையாளர் வைஃபை பெயருக்கு வீலேன் 30 என்று குறித்துவிட்டால் அந்தப் பெயரில் சேர்பவர்களின் ஃப்ரேம்கள் டேகோடு வரும்.

வேலையை ரவுட்டரில் தொடங்குங்கள். ஸ்விட்சுக்குப் போகும் போர்ட்டின் மேல் 10, 20, 30 என்று மூன்று வீலேன் இன்டர்ஃபேஸ் உருவாக்கி முறையே 192.168.10.1, 192.168.20.1, 192.168.30.1 கொடுங்கள், மாஸ்க் 255.255.255.0. வீலேன் எண்ணும் ஐபியின் மூன்றாம் பகுதியும் ஒன்றாக இருந்தால் பின்னால் தேடும்போது மண்டை காயாது. ஒவ்வொன்றுக்கும் தனி டிஹெச்சிபி, 100 முதல் 200 வரை போதும். வீட்டு ரவுட்டர்கள் பலவற்றில் லேன் பக்கம் வீலேன் வசதியே இருக்காது. வாங்கும் முன் பாருங்கள். மைக்ரோடிக் நிறுவன ரவுட்டர் போன்றவற்றில் உண்டு.

அடுத்து ஸ்விட்ச். லேப்டாப்பை போர்ட் 8-இல் செருகிக்கொண்டு இந்த வரிசையில் செய்யுங்கள்: வீலேன் 10, 20, 30 உருவாக்கி உறுப்பினர்களைச் சேர்ப்பது, பிவிஐடி மாற்றுவது, கடைசியாக 2 முதல் 7 வரையிலான போர்ட்களை வீலேன் 1-இலிருந்து நீக்குவது. வரிசை மாறினால் நடுவில் தொடர்பு அறுந்துபோகும். போர்ட் 8-ஐ 1-இலேயே விட்டது நீங்கள் வெளியே மாட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான். முடித்ததும் ‘சேவ் கான்ஃபிக்’ என்று தனியாக ஒரு பக்கம் இருந்தால் அதை அழுத்துங்கள். இல்லாவிட்டால் அடுத்த மின்வெட்டில் செய்ததெல்லாம் போய்விடும். மலிவான சில மாடல்களில் ஸ்விட்சின் நிர்வாகப் பக்கத்தை ஒரு வீலேனுக்குள் மட்டும் அடைத்து வைக்க வழியில்லை. எந்த வீலேனிலிருந்தும் திறக்கும். பாஸ்வேர்டை மாற்றாமல் விடாதீர்கள்.

இத்தனைக்கும் பிறகு ஒரு பெரிய வேலை மிச்சம் இருக்கிறது. ரவுட்டரில் மூன்று ஐபி கொடுத்ததுமே பெரும்பாலான ரவுட்டர்கள் அந்த மூன்றையும் தங்களுக்குள் இணைத்துவிடும். ஸ்விட்சில் பிரித்ததை ரவுட்டர் சேர்த்து வைத்துவிடுகிறது. ஆகவே ஃபயர்வாலில் (ரவுட்டரின் அனுமதி-தடைப் பட்டியல்) இந்த வரிசையில் எழுதுங்கள்: ஏற்கெனவே தொடங்கிய தொடர்புகளின் பதில்களை அனுமதி, 10-இலிருந்து 20-க்கு அனுமதி (முதலாளி கேமரா பார்க்க வேண்டும்), 10, 30 இரண்டிலிருந்தும் இன்டர்நெட்டுக்கு அனுமதி, 20-இல் என்விஆரின் ஐபிக்கு மட்டும் இன்டர்நெட் (ஃபோனில் பார்க்க அது தேவை), மற்ற எல்லாம் தடை. கேமராக்களுக்கு இன்டர்நெட் இல்லாததால் அவற்றின் கடிகாரம் மெல்ல விலகும். நேரத்தை என்விஆரிடமிருந்து எடுக்கும்படி ஒவ்வொரு கேமராவிலும் அமையுங்கள். திருட்டு நடந்த பிறகு பதிவில் நேரம் தவறாக இருப்பது பெரிய தலைவலி.

பலர் கோட்டை விடும் இடம் இன்னொன்று உண்டு. மேலே சொன்ன தடைகள் ரவுட்டர் வழியாகக் கடந்து போகும் டிராஃபிக்குக்கு மட்டுமே. ரவுட்டரையே நோக்கி வருவதற்கு வேறு பட்டியல். வாடிக்கையாளர் ஒருவர் 192.168.30.1 அல்லது 192.168.10.1 என்று பிரௌசரில் அடித்தால் ரவுட்டரின் லாகின் பக்கம் வந்து நிற்கும். 30-இலிருந்து ரவுட்டருக்கு வருவதில் டிஹெச்சிபிக்கான யுடிபி 67, இணையப் பெயரை ஐபியாக மாற்றும் டிஎன்எஸ்ஸுக்கான 53 என்ற வாசல் எண்களை மட்டும் விட்டு மற்றதை அடைத்துவிடுங்கள்.

கேள்வி: செய்முறைத் தேர்வில் ‘வீலேன் எண் ஏன் 4094 வரை மட்டும்?’ என்று கேட்டார்கள். நேட்டிவ் வீலேன் என்றால் என்ன என்பதும் சரியாகப் புரியவில்லை. (பாலிடெக்னிக் மாணவி, மதுரை)

பதில்: 1998-இல் முதலில் வெளியான ஐஇஇஇ 802.1க்யூ தரத்தின் இன்றைய வடிவில் டேகின் அளவு 32 பிட். முதல் 16 பிட் ‘இது டேக்’ என்று காட்டும் அடையாளம், பதினாறடிமானத்தில் 8100. அடுத்த 3 பிட் முன்னுரிமை, 0 முதல் 7 வரை. 1 பிட், நெரிசல் வந்தால் இதைக் கைவிடலாமா என்பதற்கு. மீதி 12 பிட் வீலேன் எண். 12 பிட்டில் 4096 எண்கள் வரும். 0 என்பது முன்னுரிமை மட்டும் உண்டு, வீலேன் இல்லை என்று பொருள், 4095 ஒதுக்கப்பட்டது. மிச்சம் 4094. டேக் செருகப்படும் இடம் அனுப்புநர் மேக் முகவரிக்கு அடுத்து. ஃப்ரேமின் அதிகபட்ச அளவு 1518-இலிருந்து 1522 பைட் ஆகும். கடைசியிலுள்ள பிழைச் சோதனைக் கூட்டையும் ஸ்விட்ச் புதிதாகக் கணக்கிட வேண்டும்; இதை எழுதினால் கூடுதல் மதிப்பெண் கிடைக்கலாம்.

ட்ரங்கில் டேக் இல்லாமல் வரும் ஃப்ரேமை எந்த வீலேனில் போடுவது என்பதற்கான விடைதான் நேட்டிவ் வீலேன். ஈஸி ஸ்மார்ட் ஸ்விட்சில் பிவிஐடி செய்யும் அதே வேலை. ஒரு முனையில் நேட்டிவ் 1, மறுமுனையில் 99 என்று இருந்தால் இந்தப் பக்கத்து 1-உம் அந்தப் பக்கத்து 99-உம் சத்தமில்லாமல் ஒன்றாகிவிடும்.

4094 போதாத இடமும் உண்டு. பெரிய டேட்டா சென்டர்களுக்காக 24 பிட் எண்ணோடு விஎக்ஸ்லேன் 2014-இல் ஆர்எஃப்சி 7348 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வெளிவந்தது. மறுபக்கம், கடைகளில் விற்கும் மலிவு ஸ்விட்ச்கள் பலவற்றில் எண் 4094 வரை கொடுக்கலாமே தவிர ஒரே நேரத்தில் 32 வீலேன் வரைதான் வைக்க முடியும்.

கேள்வி: டவுன்ஹால் ரோடு லாட்ஜ் ஒன்றின் மேலாளர் நான். 24 அறை. அலுவலகம் ஒரு வீலேன், தங்குபவர்கள் ஒரு வீலேன் என்று பிரித்துத்தான் வைத்திருக்கிறோம். ஆனாலும் ஒரு அறையில் இருந்தவர் அடுத்த அறை டிவியில் தன் ஃபோன் வீடியோவை ஓட்டிவிட்டார். வீலேன் சரியாக வேலை செய்யவில்லையா? (லாட்ஜ் மேலாளர், மதுரை)

பதில்: சரியாகத்தான் செய்கிறது. ஒரு வீலேனை மற்றொரு வீலேனிலிருந்து பிரிக்கும். ஒரே வீலேனுக்குள் இருப்பவர்களைத் தங்களுக்குள் பிரிக்காது. 24 அறை விருந்தினர்களும் டிவிகளும் ஒரே வீலேனில் இருந்தால் எல்லோரும் எல்லோரையும் பார்ப்பார்கள்.

ஆக்சஸ் பாயின்ட்களில் ‘கிளையன்ட் ஐசொலேஷன்’ என்பதைப் போடுங்கள். அதோடு நிறுத்தினால் பாதி வேலைதான்: பல கருவிகளில் அது ஒரே ஆக்சஸ் பாயின்ட்டில் சேர்ந்தவர்களை மட்டுமே பிரிக்கும். முதல் மாடிக்காரர் இரண்டாம் மாடிக்காரரை ஸ்விட்ச் வழியாக எட்டிவிடலாம். ஸ்விட்சில் ‘போர்ட் ஐசொலேஷன்’ வைத்து, ஆக்சஸ் பாயின்ட் போர்ட்கள் ரவுட்டர் போர்ட்டோடு மட்டுமே பேசும்படி செய்ய வேண்டும். அறை டிவிகளைத் தனி வீலேனுக்கு மாற்றினால் ஃபோனிலிருந்து டிவியைக் கண்டுபிடிக்கவே முடியாது. அந்தத் தேடல் 224.0.0.251 என்ற மல்டிகாஸ்ட் (ஒரே நேரத்தில் பல கருவிகளுக்குப் போகும்) முகவரிக்குப் போவது. ரவுட்டர் அதைத் தாண்ட விடாது.

தன் அறை டிவியில் மட்டும் வீடியோ ஓட்ட வசதி வேண்டுமென்றால் அறைக்கு ஒரு வீலேன், 101 முதல் 124 வரை என்று போட்டு, அறைக்கு ஒரு சிறிய ஆக்சஸ் பாயின்ட் மாட்ட வேண்டியிருக்கும். செய்யலாம். ஆனால் 24 டிஹெச்சிபி, 24 ரூல் என்று பராமரிக்க ஆள் வேண்டும். உங்கள் அளவு லாட்ஜுக்கு அது அதிகப்படி என்பது எங்கள் அபிப்பிராயம்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். சித்திரைத் திருவிழா நாட்களில் அறைக்கு ஐந்து, ஆறு ஃபோன் என்று வந்து போகும். 255.255.255.0 மாஸ்கில் மொத்தமே 254 முகவரி. லீஸ் நேரம் (ஒரு ஐபி ஒருவருக்கு ஒதுக்கப்பட்டிருக்கும் காலம்) 24 மணி என்று இருந்தால் காலையில் காலி செய்தவரின் ஐபி மறுநாள் வரை திரும்பாது. ‘வைஃபை சேர்கிறது, நெட் வரவில்லை’ என்ற புகார் அப்போதுதான் வரும். லீஸை 2 மணியாகக் குறையுங்கள். அல்லது மாஸ்கை 255.255.252.0 ஆக்குங்கள், 1022 முகவரி கிடைக்கும்.

கேள்வி: பள்ளியில் ஆபீஸ், லேப், வகுப்பறை என்று மூன்று வீலேன். லேபில் யாரோ ஒரு கேபிளின் இரண்டு முனையையும் சுவர் சாக்கெட்களில் செருகிவிட்டார்கள். பள்ளி முழுக்க நெட் நின்றுவிட்டது. லேப் தனி வீலேன்தானே, ஆபீஸ் ஏன் நிற்க வேண்டும்? (கணினி ஆசிரியர், உசிலம்பட்டி)

பதில்: ஈதர்நெட் ஃப்ரேமுக்கு ஆயுள் எண்ணிக்கை கிடையாது. ஐபி பாக்கெட் ரவுட்டர்களைத் தாண்டத் தாண்ட எண் குறைந்து ஒரு கட்டத்தில் சாகும். ஃப்ரேம் வளையத்துக்குள் மாட்டினால் யாராவது கேபிளைப் பிடுங்கும் வரை சுற்றும், ஒவ்வொரு சுற்றிலும் நகல்கள் கிளம்பும். அந்தப் புயல் லேப் வீலேனுக்குள்தான் அடிக்கிறது. ஆனால் மாடிகளை இணைக்கும் ட்ரங்க் கேபிள் மூன்று வீலேனுக்கும் பொது. அது நிரம்பிவிட்டால் ஆபீஸுக்கு இடமில்லை. இதைவிட மோசமானது, முனைகள் இரண்டும் வெவ்வேறு வீலேன் போர்ட்டில் விழுவது. அப்போது லேபும் ஆபீஸும் ஒரே நெட்வொர்க்காகிவிடும். லேப் கம்ப்யூட்டர் ஆபீஸ் ஐபியை வாங்கும். புயல் இல்லாததால் பல நாள் யாருக்கும் தெரியாமலேகூட இருக்கலாம்.

மேனேஜ்டு (முழுமையாக அமைக்கக்கூடிய) ஸ்விட்ச்களானால், வளையத்தைக் கண்டுபிடித்து அடைக்கும் ஆர்எஸ்டிபியை எல்லா ஸ்விட்சிலும் போடுங்கள். சுவர் சாக்கெட் போர்ட்களில் பிபிடியு கார்டு (வேறு ஸ்விட்சோ வளையமோ தெரிந்தால் போர்ட்டை மூடும் வசதி) போடுங்கள். ஈஸி ஸ்மார்ட் வகையில் ‘லூப் பிரிவென்ஷன்’ என்று ஒரு பட்டன் இருக்கும், அது போதும். இப்போதே நின்றிருக்கிறது என்றால்: எல்லா போர்ட் விளக்கும் ஒரே தாளத்தில் வெறித்தனமாக மின்னும் ஸ்விட்ச்களைத் தேடுங்கள். மெயின் ஸ்விட்சில் மாடிக் கேபிள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கியதும் விளக்குகள் அடங்குகின்றனவோ அந்த மாடிக்குப் போய் அங்கேயும் அதையே செய்யுங்கள்.

கேள்வி: கப்பலூர் சிட்கோவில் இரண்டு ஷெட், நடுவே 140 மீட்டர். ஆபீஸ், கேமரா, எடை மேடை மூன்றையும் தனித்தனி வீலேனாக அடுத்த ஷெட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். மூன்று கேட்-6 கேபிள் போதுமா? (தொழிற்கூட உரிமையாளர், மதுரை)

பதில்: ஒன்றுகூட வேண்டாம். காப்பர் கேபிளுக்கு எல்லை 100 மீட்டர்: சுவருக்குள் 90, இரண்டு பக்கமும் பேட்ச் கார்டு சேர்த்து 10. 140-இல் சில நாள் ஓடுவதுபோலத் தெரியும், பிறகு விட்டுவிட்டு அறுபடும். அதைவிட முக்கியம், இரண்டு கட்டடங்களுக்கு இடையே காப்பர் இருந்தால் இடி விழும்போது இரண்டு பக்க ஸ்விட்சும் சேர்ந்து போகும்.

சிங்கிள் மோட் ஃபைபர், 6 கோர் இழுங்கள். ஓடுவதற்கு ஒன்றோ இரண்டோ கோர் போதும். மற்றவை எலி கடித்த பிறகு கைகொடுக்கும். இரும்புக் கவசம் உள்ள கேபிளானால் கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் அந்தக் கவசத்தை எர்த் செய்யச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மின்னல் அதன் வழியாகவே உள்ளே வரும். இரண்டு முனையிலும் எஸ்எஃப்பி போர்ட் (ஃபைபரை இணைக்கும் சிறு மாட்யூல் செருகும் இடம்) உள்ள ஸ்விட்ச். ஒற்றைக் கோரில் இருவழியும் ஓடும் பிடி வகை எஸ்எஃப்பி வாங்கினால் ஒரு முனை 1310 நானோமீட்டரில் அனுப்புவதாகவும் மறுமுனை 1550-இல் அனுப்புவதாகவும் ஜோடியாக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே வகையாக வாங்கி வந்துவிட்டு விளக்கு எரியவில்லை என்று கூப்பிடுபவர்கள் நிறைய. மூன்று வீலேனையும் அந்த ஒரு ஃபைபரில் டேக்டாக விடுங்கள். இரு முனையிலும் எண்கள் ஒன்றாக இருக்கட்டும். ஒரு பக்கத்தில் 20-ஐச் சேர்க்க மறந்தால் ஆபீஸ் ஓடும், கேமரா மட்டும் வராது. அந்த அறிகுறியைக் கண்டால் ஃபைபரைச் சந்தேகிக்காமல் வீலேன் பட்டியலைப் பாருங்கள்.

கேள்வி: வீலேன் போட்டுவிட்டால் வைரஸ், ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரல்) பயமில்லை என்று நம்பலாமா? எங்களிடம் லேப் கருவிகள் பழைய விண்டோஸ் 7-இல்தான் ஓடுகின்றன. கம்பெனி மாற்றித் தர மறுக்கிறது. (மருத்துவமனை நிர்வாகி, திண்டுக்கல்)

பதில்: நம்ப முடியாது. வீலேன் வரைவது பாதி. எது எதோடு பேசலாம் என்று ரவுட்டரிலோ லேயர் 3 ஸ்விட்சிலோ (ரவுட்டர் வேலையும் செய்யும் ஸ்விட்ச்) எழுதுவது மறுபாதி. இரண்டாவதைச் செய்யாமல் வீலேன் மட்டும் இருந்தால் ரான்சம்வேர் கேட்வே (வீலேன்களை இணைக்கும் ரவுட்டர் முகவரி) வழியாக நிதானமாக நடந்து அடுத்த வீலேனுக்குப் போகும்.

ஆனால் உங்கள் நிலைமைக்கு வீலேனைவிடப் பொருத்தமான மருந்தும் இல்லை. பழைய விண்டோஸ் கருவிகளுக்கு ஒரு தனி வீலேன் கொடுங்கள். அதிலிருந்து இன்டர்நெட் வேண்டாம். லேப் சாஃப்ட்வேர் சர்வரின் ஐபி, அதில் குறிப்பிட்ட ஒரே போர்ட் எண் (இது கேபிள் துளை அல்ல, சாஃப்ட்வேரின் வாசல் எண்), அதற்கு மட்டும் அனுமதி. கருவிக்காரர்கள் வெளியிலிருந்து சர்வீஸ் பார்க்க வேண்டுமென்றால் அந்த நேரத்துக்கு மட்டும் ஒரு ரூலைத் திறந்து மூடுங்கள்.

பாடப் புத்தகங்களில், ஃப்ரேமில் இரண்டு டேக் ஒட்டி வேறு வீலேனுக்குள் நுழையும் இரட்டை டேக் தாக்குதல் என்று ஒன்று பெரிதாக வரும். ட்ரங்கின் நேட்டிவ் எண்ணை யாருமே பயன்படுத்தாத ஒன்றாக வைத்தால் அது அடங்கிவிடும். சிஸ்கோ ஸ்விட்சானால் போர்ட் தானாக ட்ரங்க் ஆகும் டிடிபியையும் நிறுத்துங்கள். நடைமுறையில் ஆபத்து வேறு இடத்தில்: வராந்தாச் சுவரில் கைக்கெட்டும் உயரத்தில் இருக்கும் ஆக்சஸ் பாயின்ட். அதன் கேபிளைக் கழற்றி லேப்டாப்பில் செருகி, டேக் எண்ணைப் போட்டால் அந்தப் போர்ட் சுமக்கும் எல்லா வீலேனும் திறக்கும். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று எல்லா எண்ணையும் எல்லா ட்ரங்கிலும் விட்டு வைப்பதுதான் தப்பு. ஆக்சஸ் பாயின்ட்டுக்கு அதன் வைஃபை பெயர்களுக்குத் தேவையான எண்கள் மட்டும். யாரும் பயன்படுத்தாத போர்ட்களை ஷட்டவுன் செய்யுங்கள்.

கேள்வி: வீலேன் 10-இலிருந்து 40-இல் உள்ள கம்ப்யூட்டருக்குப் பிங் (தொடர்பு இருக்கிறதா என்று சோதிக்கும் செய்தி) போகவில்லை. ஃபயர்வாலில் அனுமதி இருக்கிறது. அதே கம்ப்யூட்டரை 10-இல் செருகினால் போகிறது. (சிஸ்டம் அட்மின், விருதுநகர்)

பதில்: அந்தக் கம்ப்யூட்டரின் விண்டோஸ் ஃபயர்வாலைப் பாருங்கள். பிங், ஃபைல் ஷேரிங் ரூல்கள் வழக்கமாக ‘லோக்கல் சப்நெட்’ (தன் சொந்த ஐபி வட்டம்) என்ற எல்லையோடுதான் வரும். வேறு சப்நெட்டிலிருந்து வந்தால் மறுத்துவிடும். ரூலின் ஸ்கோப் பக்கத்தில் 192.168.10.0/24-ஐச் சேருங்கள். பிரின்டராக இருந்தால் அதில் கேட்வே முகவரி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். நிலையான ஐபி கொடுத்த பில் பிரின்டர்களில் அந்த இடம் காலியாகவே கிடக்கும். பாக்கெட் போய்ச் சேரும், பதில் திரும்பி வரத் தெரியாது.

கேள்வி: மேனேஜ்டு ஸ்விட்சின் ஒரு போர்ட்டில் சாதாரண 5 போர்ட் ஸ்விட்சைச் செருகி நான்கு கம்ப்யூட்டர் இணைக்கலாமா? (வாசகர், மேலூர்)

பதில்: ஆக்சஸ் போர்ட்டில் தாராளமாக, நான்கும் அதே வீலேனில் சேரும். ட்ரங்கின் நடுவே மட்டும் வைக்காதீர்கள். சில ஸ்விட்ச் டேகைத் தொடாமல் கடத்திவிடும், சில 1518 பைட்டைத் தாண்டிய ஃப்ரேமை எறிந்துவிடும். பிங் போகும், பெரிய ஃபைல் மட்டும் நகராது. காரணம் தெரியாமல் அலைய வேண்டியிருக்கும்.

கேள்வி: வீட்டு ஃபைபர் மோடத்தின் வேன் (WAN, இன்டர்நெட் இணைப்பு) பக்கத்தில் ‘வீலேன் ஐடி’ என்று ஒரு கட்டம், அதில் ஒரு எண் இருக்கிறது. எனக்கும் வீலேனுக்கும் என்ன சம்பந்தம்? மாற்றினால் வேகம் கூடுமா? (இல்லத்தரசி, மதுரை)

பதில்: கூடாது, நெட் நின்றுவிடும். இன்டர்நெட், தொலைபேசிக் குரல் போன்றவற்றை ஒரே ஃபைபரில் பிரித்து அனுப்ப நிறுவனம் வைத்திருக்கும் எண் அது. நிறுவனத்துக்கு நிறுவனம், சில சமயம் ஊருக்கு ஊர் மாறும் என்பதால் பக்கத்து வீட்டு எண்ணைப் பார்த்துப் போடுவதும் பலிக்காது. மோடத்தை ரீசெட் செய்யும் முன் அந்தப் பக்கத்தை ஃபோனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வீலேன் எண்ணோடு பிபிபிஓஇ (நெட் இணைப்புக்கான லாகின்) யூசர்நேமும் அதே பக்கத்தில்தான் இருக்கும். பாஸ்வேர்டு புள்ளிகளாகத்தான் தெரியும், அதை மட்டும் கனெக்‌ஷன் கொடுத்தவரிடம் கேட்டுத் தனியாக எழுதி வைக்க வேண்டும்.